மறுபக்கத்துக் கரி

பின்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு கரிய விரல் தடங்கள் இருந்தன. கிணற்றுக்குப் போகக் குடத்தை எடுத்த ஸுலைஹா அவற்றைக் கண்டு நின்றாள். பெருநாளைக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளையில், வெளியே நின்ற யாரோ உள்ளே எட்டிப் பார்க்கச் சுவரைப் பிடித்துக்கொண்டதுபோல நான்கு கோடுகள். என்னுடைய கைதான், என்று நினைத்துக்கொண்டாள். நேற்றுக் கரியைத் தொட்டவள் அவள்தானே. அப்படி நினைத்தபடியே தன் விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள்.

அவளுடைய விரல் நுனிகள் தடங்களின் பாதியிலேயே முடிந்துபோயின.

ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். கரி போனது. சாம்பல் நிறம் மட்டும் சுவரிலேயே தங்கியது.

பெரிய வீதியை விட்டு மேலேறினால், அலுவிகாரைப் பாறைகள் எதிரே தெரியும் சரிவில் இருந்தது அவளுடைய வாப்பா பதுர்தீனின் தோட்டம். மவுத்தாவதற்கு முன் அவர் அதை இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். மேட்டில் ஒரு கரும்பாறை, பள்ளத்தில் அவர் நட்ட முழங்கால் உயரக் கல். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. கோட்டுக்குக் கிழக்கே மூத்தவள் ஸுலைஹாவின் வீடு, மேற்கே இளையவள் றாபியாவின் வீடு. கல்லை நடும் முன் வாப்பா குழிக்குள் ஓர் ஓட்டுத் துண்டைச் செங்குத்தாக நிறுத்தினார். அடுப்புக் கரியில் ஆளுக்கொரு பிடி அள்ளிவரச் சொன்னார். மரக்கட்டை உக்கிப்போகும், கரி மண்ணுக்குள் நூறு வருடம் கிடக்கும், யாராவது கல்லை நகர்த்தினால் கரி காட்டிக் கொடுத்துவிடும் என்றார். ஓட்டின் இந்தப் பக்கம் ஸுலைஹா ஒரு பிடி போட்டாள். அந்தப் பக்கம் றாபியா ஒரு பிடி போட்டாள். போடும்போது சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

"இதுவரைக்கும் என்ட. அதுக்கு அப்பால ஒன்ட. எனக்குச் சம்மதம்."

கோட்டிலிருந்து மூன்று காலடி தள்ளி, றாபியாவின் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு சாதிக்காய்க் கன்று அன்று நின்றது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பதினொரு வருடத்தில் அது கூரையைத் தாண்டிவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை காய்த்துக் கொட்டியது. மஞ்சள் காய்கள் மரத்திலேயே வெடித்து, உள்ளே கொட்டையைச் சுற்றிய சிவப்பு வசவாசி ஈரமாகப் பளபளக்கும்போது, ஸுலைஹா தன் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். றாபியா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பொறுக்குவாள், மூன்று பிள்ளைகளும் ஓடியோடிப் பொறுக்குவார்கள். றாபியாவின் கணவன் பல்லேகமவில் கடை வைத்திருந்தான். வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். அவன் இல்லாத நாள்களிலும் அந்த வீடு நிறைந்து கிடந்தது. ஸுலைஹாவின் வீட்டில் ஒரு தம்ளர் விழுந்தால் அந்தச் சத்தம் அடங்க வெகுநேரம் பிடிக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கணவன் அப்துல் ஸமத் பின்னேரம் டவுனிலிருந்து வரும்போது நேராகத் தன் வீட்டுக்கு வருவதில்லை. கையில் முஸ்கத் இனிப்புப் பொட்டலத்தோடு றாபியாவின் முற்றத்தில் நிற்பார். "பெரிய வாப்பா!" என்று பிள்ளைகள் காலைக் கட்டிக்கொள்ளும். றாபியா ஒரு கோப்பை தேத்தண்ணியை நீட்டுவாள். குடித்துவிட்டு வந்து ஸுலைஹாவிடம் சொல்வார்:

"தேத்தண்ணி எண்டா றாபியா போட்டாத்தான். என்ன போடுறாளோ தெரியாது."

"சீனி போடுறா. அவட வீட்டுல சீனி ஈக்குது" என்பாள் ஸுலைஹா.

அந்த வருடம், அறுபத்தாறில், அவள் ஸமத்தை விடவில்லை. எல்லையை அரசாங்கமே அளந்து போடட்டும், பின்னால் சண்டை வராது என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். தாங்க முடியாமல் அவர் டவுனுக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அயல் காணிக்காரருக்கான அறிவித்தலைக் கிராம சேவகர் கொண்டுவந்து றாபியாவிடம் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

"அளக்கட்டும் ராத்தா. வாப்பா நட்ட கல்லு ஓடியா போகப் போகுது?"

அளவைக்கு மூன்று நாள் இருக்கும்போது நாவுலவில் ஒரு கலியாணம். எல்லோரும் போனார்கள். தலையிடி என்று ஸுலைஹா மட்டும் நின்றாள். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு, இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள்.

வெயில் அசையாமல் நின்ற பகல் அது. கல்லை நெம்பிச் சாய்த்தாள். அடியில் கிடந்த பழைய கரி மழை ஈரத்தில் சேறாகிக் கையோடு கரைந்தது. அதை ஓடையில் எறிந்தாள். ஓட்டுத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். கல்லை உருட்டி உருட்டி, நான்கு காலடி மேற்கே, சாதிக்காய் மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாள். புதுக் குழி. ஓட்டை நிறுத்தினாள். தன் அடுப்பிலிருந்து கொண்டுவந்த கரியில் ஒரு பிடியைத் தன் பக்கத்தில் போட்டாள். பழக்கதோஷத்தில் உதடுகள் தாமாகவே அசைந்தன.

இதுவரைக்கும் என்ட. அதுக்கு அப்பால ஒன்ட. எனக்குச் சம்மதம்.

மறுபக்கத்துக்கு இன்னொரு பிடி அள்ளினாள். அள்ளிய கை நின்றுவிட்டது. றாபியாவுக்காக நான் ஒரு பிடி கரிகூடப் போட மாட்டேன், என்று தோன்றியது. அது சின்னத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் அந்தப் பிடியைத் தன் பக்கத்திலேயே கொட்டினாள். மறுபக்கத்தை வெறுமையாக விட்டு, கல்லை ஏற்றி, மண்ணை மிதித்து, இலைகளைப் பரப்பினாள். திரும்பி நடந்தபோது, ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில்தான் அந்த விரல் தடங்கள்.

புதன்கிழமை சர்வேயர் ஒஸ்வல்ட் வந்தார். அளவுச் சங்கிலி பிடிக்க செபஸ்தியன் என்ற வயதான ஆள் கூட வந்தான். எஸ்டேட்டில் பிறந்து, முப்பது வருடமாகச் சங்கிலியோடு காடு மேடெல்லாம் நடந்தவன். பாறையிலிருந்து கல்லுக்கு நேர்க்கோடு பிடித்தபோது சாதிக்காய் மரம் ஸுலைஹாவின் பக்கம் விழுந்தது.

றாபியாவின் முகம் வெளுத்தது. "இல்ல சேர். கல்லு மரத்துக்குக் கிழக்கால இருந்துச்சு, மரம் என்ட பக்கம். மச்சான், நீங்க சொல்லுங்களே!"

ஸமத் மரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல புள்ள."

"தோண்டிப் பார்ப்போம்" என்றார் ஒஸ்வல்ட். "கரி இருந்தால் கல் இருந்த இடம் இதுதான். செபஸ்தியன்!"

செபஸ்தியன் கல்லைச் சாய்த்து, குந்தியிருந்து கையாலேயே மண்ணை விலக்கினான். ஒரு பக்கம் மட்டும் கரி இருக்கிறதே என்று கேட்டால்? மறுபக்கத்துக் கரி மழையில் கரைந்துபோயிருக்கும் என்று சொல்லலாம். வாப்பா மறந்திருப்பார் என்று சொல்லலாம்.

"இந்தப் பக்கம் கரி இருக்குங்க தொரை" என்றான் செபஸ்தியன். ஓட்டுக்கு மறுபக்கம் விரலை விட்டான். "அந்தப் பக்கமும் இருக்கு."

சுற்றி நின்றவர்களின் பேச்சு ஸுலைஹாவுக்குத் தூரத்தில் கேட்டது.

செபஸ்தியன் எடுத்துக் காட்டியது ஒரே கட்டி. ஈரக் கரியைக் கைக்குள் வைத்து நெரித்தால் விரல்களின் அச்சு எப்படிப் பதியுமோ அப்படிப் பதிந்திருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் பொருத்தினான். சங்கிலி இழுத்துக் காய்த்துப்போன பெரிய கை அவனுடையது. அது ஒரு குழந்தையின் கைபோல அந்த அச்சுக்குள் அடங்கியது. அவன் கட்டியைப் பத்திரமாகப் பழைய இடத்தில் வைத்து, கையைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான்.

"ரெண்டு பக்கமும் சம்மதம் இருக்கிறது" என்று ஒஸ்வல்ட் புத்தகத்தில் எழுதினார்.

றாபியா அழவில்லை. "ராத்தா, நான் இந்த எடத்துல கரி போடல்ல" என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

போகும்போது செபஸ்தியன் பின்கதவருகே நின்று தண்ணீர் கேட்டான். குடித்த பிறகும் போகாமல் நின்றான். அவனுடைய கண் சுவரின் சாம்பல் தடத்தில் இருந்தது.

"நோனா, தங்கச்சியோட சண்ட போட்டா பேசித் தீத்துக்கலாங்க. அந்தப் பக்கத்து ஆளோட மட்டும் வச்சுக்காதீங்க."

"எந்தப் பக்கத்து ஆள்?"

"நமக்கு என்னாங்க தெரியும். கரி போட்ட ஆளு" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனான்.

பிளான் வந்தது. நீல மையில் இரண்டு துண்டுகள், நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் மரம். ஸுலைஹா அதை அலுமாரியில் பூட்டி வைத்தாள். அந்தப் போகத்துக் காய்களை அவளே பொறுக்கினாள். மடி நிறையக் காய்களோடு நிமிர்ந்து றாபியாவின் ஜன்னலைப் பார்த்தாள். றாபியா அங்கே இல்லை. தான் வென்றெடுத்ததைப் பார்க்க ஆள் இல்லாதது, காய்களின் பாரத்தைவிடக் கனத்தது.

மழை தொடங்கிய வாரத்தில், ஒரு காலையில், கல் பழைய இடத்தில் நின்றது.

வாப்பா நட்ட அதே இடம். சாதிக்காய் மரம் மறுபக்கம். மரத்தடியில் விழுந்த காய்கள் எல்லாம் பொறுக்கப்பட்டு, வசவாசி உரிக்கப்பட்டு, சிவப்புத் தோல்கள் ஒரு நேர்க்கோடாக வைக்கப்பட்டிருந்தன. அவள் ஸமத்தை இழுத்துவந்து காட்டினாள்.

"இஞ்ச பாருங்க, உங்கட றாபியா செஞ்ச வேல."

அவர் கல்லைப் பார்த்தார். "கல்லு இங்கதானே இருந்துச்சு?"

"மரம் எங்கட பக்கம்! பிளான்ல இருக்கு!"

அலுமாரியைத் திறந்து பிளானை விரித்தாள். கோடு மரத்துக்கு இந்தப் பக்கம் ஓடியது. அழித்து எழுதிய அடையாளம் இல்லை. இரண்டாம் துண்டின் சொந்தக்காரர் பெயர் இருந்த இடத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு கரிய கறை. றாபியாவின் பெயரை வாசிக்க முடியவில்லை.

"சாதிக்காய் மரமா? அது எப்பவும் அந்தப் பக்கம்தானே புள்ள" என்றார் ஸமத். அவர் பொய் சொல்லவில்லை. சாட்சி சொல்லாத அந்த முகத்தை அளவை நாளில் றாபியா கண்டாள், இன்று அவள் கண்டாள்.

அன்று பின்னேரம் றாபியா வந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒரு சிரட்டை. சிரட்டைக்குள் கரி.

"ராத்தா, கல்லு எங்க இருந்துச்சுண்டு ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நான் ஒண்ணும் கேக்க வரல்ல. ராவைக்குப் புள்ளைகள் பயப்புடுதுகள். மரத்தடியில யாரோ நிக்கிறாங்கண்டு சொல்லுதுகள். வாங்க, ரெண்டு பேரும் ஒரு புடி கரி போட்டுருவம். வாப்பா சொன்ன மாதிரி. 'நகத்தினது நான்தான்' எண்டு மட்டும் நீங்க ஒங்கட வாயால சொல்லுங்க. அதோட முடியட்டும்."

ஸுலைஹா அந்தச் சிரட்டையைப் பார்த்தாள். தன் பக்கத்துக் கரியை மறுபடி போடலாம். ஒரு வார்த்தை. வாய் திறந்ததுதான். அப்போது முற்றத்தில் ஸமத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் றாபியாவின் கடைசிப் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பிள்ளையின் வாயில் முஸ்கத். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் வந்து அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருடம்!

"நான் எதையும் நகத்தல்ல" என்றாள் ஸுலைஹா. "நீ போ."

றாபியா பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். மழைமூட்டம் சரிவிலிருந்து இறங்கி, அவள் போன பாதையை மூடியது.

மறுநாள் கல் நான்கு காலடி கிழக்கே இருந்தது.

மூட்டம் விலகவில்லை. கல்லுக்கு அப்பால் மரமும் இல்லை, றாபியாவின் கூரையும் இல்லை, பிள்ளைகளின் சத்தமும் இல்லை, வெள்ளை மட்டும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து அணைந்த அடுப்பின் வாசனையும், மண்ணை யாரோ பொறுமையாகக் காலால் மிதித்து இறுக்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. ஸுலைஹா "றாபியா!" என்று கூப்பிட்டாள். மிதிக்கும் சத்தம் நின்றது. யாரோ காது கொடுப்பதுபோல. பிறகு தொடர்ந்தது.

அதற்கடுத்த நாள் இன்னும் நான்கு. கிணறு அந்தப் பக்கம் போயிற்று.

"தண்ணி எங்க எடுக்கிற?" என்று கேட்டாள்.

"எப்பவும் ஓடையிலதானே" என்றார் ஸமத். "எங்களுக்கு எங்க கிணறு?"

அவர் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி இருந்தது. அவள் அதைப் போடவில்லை. கோப்பையின் வெள்ளைப் பீங்கானில் நான்கு கரிய தடங்கள். நீளமானவை.

"இத யார் தந்த?"

அவர் யோசித்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் மலர்ந்தது. "பக்கத்து வீட்டுல. என்ன போடுறாளோ தெரியாது."

நான்கு காலடி. பின்முற்றம்.

அவள் அலவாங்கை எடுத்துப் போனாள். கல்லை நெம்பினாள். அசையவில்லை. உருட்டிக் கொண்டுபோன அதே கல், இப்போது மலையின் வேர்போல இறங்கியிருந்தது. அடிமண்ணைக் கையால் பறித்தாள். ஓடு தட்டுப்பட்டது. அந்தப் பக்கம் நெரித்த கரிக் கட்டி, புதிது, ஈரம். இந்தப் பக்கம் அவளுடைய ஒரு பிடி. அவள் போடாத ஒரு பிடி. அவளுடைய விரல்களின் அச்சோடு.

ஓடி வந்து கையைக் கழுவினாள். கரி போகவில்லை.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போன ஸமத் மத்தியானம் திரும்பி வந்தார். முன்வாசலால் உள்ளே வந்து விறாந்தையில் உட்கார்ந்தார். மழை. உச்சிப் பொழுதிலும் வீடு மங்கிக் கிடந்தது. ஸுலைஹா சமையலறையின் கிழக்கு மூலையில் நின்றாள். வேறெங்கும் நிற்க முடியவில்லை. கல் சமையலறைக்குள் இருந்தது. அடுப்புக்கும் அவளுக்கும் நடுவே, சீமெந்துத் தரையில் ஒரு வெடிப்புக்கூட இல்லாமல், தரையிலிருந்து முளைத்ததுபோல நின்றது.

அடுப்பு அந்தப் பக்கம். கதவு அந்தப் பக்கம். கதவுக்கு அப்பால், விறாந்தையில் ஸமத்தின் முதுகு.

"இஞ்ச பாருங்க!" என்றாள்.

அவர் திரும்பினார். கண்கள் அவள் மேல் பட்டன. அயல் வளவில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல, மரியாதையாக, உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருண்டு பாரு புள்ள" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார். "அந்தப் பக்கத்துல யாரோ நிக்கிறாங்க."

அடுப்படியில் சட்டி அசைந்தது. வெந்த சோற்றின் வாசனை வந்தது. ஏலக்காயும் நெய்யும் போட்ட சோறு. அவளுடைய சட்டி. அவளுடைய அகப்பை. ஸமத் சிரித்தார், அவள் எத்தனையோ வருடமாகக் காத்திருந்த அந்தச் சிரிப்பு.

"சோறு ஆறப்போகுது. வந்து இரேன்" என்றார், அடுப்படியை நோக்கி. அன்பாக.

ஸுலைஹா கத்தினாள். சத்தம் கல்லைத் தாண்டவில்லை.

அடுப்புக்குப் பின்னிருந்த இருட்டு நிமிர்ந்தது. அதற்கு முகம் இல்லை, முக்காடு மட்டும் இருந்தது. அது அவளுடைய முக்காடு. அவசரமில்லாமல் கல்லருகே வந்து குந்தியது. கல் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது. அடியில் ஒரு குழி. குழிக்குள் வாப்பாவின் ஓட்டுத் துண்டு, செங்குத்தாக.

நீண்ட கரிய கை ஒன்று குழியின் மேல் நீண்டது. மூடிய பிடி. விரல்களுக்கிடையே ஈரக் கரி பிதுங்கியது. திறக்கவில்லை. காத்திருந்தது.

ஸுலைஹாவின் முதுகு சுவரில் முட்டியது. அவளுக்குப் பின்னால் மிச்சம் இல்லை. வலது கையில் ஏதோ கனத்தது. குனிந்து பார்த்தாள். கை நிறையக் கரி. உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன.

இதுவரைக்கும் என்ட.